வியன்னாவுக்கு ஏற்ற மாதம்

எந்த ஊருக்கு எந்த மாதத்தில் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகிற சாலையில் இருபத்திரண்டு வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். காசிக்குப் போகிறவர்களைச் சித்திரையில் போகவிட மாட்டேன். ஆனி மாதம் கேரளாவுக்கு டிக்கெட் கேட்டு வந்தவர்களைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். பிச்சாவரத்துக்குப் படகு ஏறப் போகிறவன் டீ குடிக்க என் கடை வாசலில் நின்றால், அவன் கேட்காமலே, இன்றைக்கு வேண்டாம், மழை வரும் என்பேன். வைத்திலிங்கம் வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று பேர் எடுத்தவன் நான். அந்த வாய் என் அக்கா மகளுக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

என் அக்கா மங்கலம் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவர்களுக்கு ஒரே பெண், எழிலரசி. புவியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். 2010 தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அறிவழகனுக்குக் குமராட்சிப் பக்கம் பூர்வீகம், வியன்னாவில் கம்ப்யூட்டர் வேலை. ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் என்னிடம்தான் டிக்கெட் எடுப்பார். அந்தப் பழக்கத்தில் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். பையன் அதிர்ந்து பேச மாட்டான் என்று அக்காவிடம் சான்றிதழ் கொடுத்தேன். உண்மைதான். கடைசிவரை அவர் அதிர்ந்து பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வியன்னாவிலிருந்து போன் வரும். அங்கே அப்போது காலை. மாப்பிள்ளைதான் முதலில் பேசுவார், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு. மாமனாருக்குச் சர்க்கரை எவ்வளவு, அக்காவுக்கு முட்டி வலி எப்படி என்று ஒன்று விடாமல் கேட்பார். பிறகு, "எழில், அம்மாகிட்ட பேசு" என்பார். அதற்குப் பிறகுதான் அவள் குரல் வரும். என்னடி சமைத்தாய் என்று அக்கா கேட்டால் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் பதில் வரும். வெளிநாட்டு லைன் அப்படித்தான், சத்தம் போய்ச் சேர நேரமாகும் என்று அக்காவுக்கு நான் விளக்கம் சொன்னேன். மாப்பிள்ளையின் பதில் மட்டும் எப்படி உடனுக்குடன் வருகிறது என்று நான் யோசிக்கவில்லை.

ஒருமுறை அக்கா, "பாஸ்போர்ட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கியாடி?" என்று கேட்டாள். எழில் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை, "என்கிட்டதான் அத்தை இருக்கு, லாக்கர்ல பூட்டி வச்சிருக்கேன்" என்றார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆனதும் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. எந்த மாதம் போவது? மாமா இதை ஒரு பாலம் கட்டுகிற வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். கட்டம் போட்ட தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதினார். வியன்னாவில் எந்த மாதம் எத்தனை டிகிரி, எத்தனை நாள் மழை, பகல் எத்தனை மணி நேரம் என்று என் கடைக்கு வந்து இன்டர்நெட்டில் பார்த்துக் குறித்தார். பிறகு நம்ம ஊர்க் கணக்கில் ஆடியை அடித்தார், மார்கழியை அடித்தார். விடுமுறைக் கூட்டம் என்று ஜூலையையும் ஆகஸ்டையும் நான் அடித்தேன். மிஞ்சி நின்றவற்றில் மே மாதம்தான் எல்லாப் பொருத்தமும் உள்ள மாதமாக இருந்தது. பூவெல்லாம் பூத்திருக்கும், ஸ்வெட்டர் ஒன்று போதும், பகல் நீளம்.

"எல்லாம் சரி மச்சான். ஆனா மாப்பிள்ளை தன் வாயால வாங்கன்னு சொல்லணும்" என்றார் மாமா. "பொண்ணு கூப்பிட்டுச்சுன்னு போய் நின்னா நல்லா இருக்காது."

இது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணைக் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளை அழைக்காமல் அங்கே போய்த் தங்க மாட்டார்கள். அடுத்த தெருவானாலும் சரிதான், வியன்னாவானாலும் சரிதான். எங்கள் வழக்கத்தை அந்த நாட்டுச் சட்டமும் தாங்கிப் பிடித்தது. அழைக்கிறவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், வீடு அவர் பேரில் இருக்க வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும். எல்லாம் மாப்பிள்ளை பேரில்தான் இருந்தன. எழில் பேரில் அந்த ஊரில் ஒன்றுமே இல்லை.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் கடலூரில் அக்கா வீட்டில் இருந்தேன். நல்ல மழை. இரண்டு மணிக்குப் போன் வந்தது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டோம். நலம் விசாரிப்பு முடிந்து, மாமா தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதத்தின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை, "கரெக்டு மாமா, மே தான் பெஸ்ட்" என்றார். அப்போது எழில் நடுவில் பேசினாள். அவள் தானாக நடுவில் பேசியது அன்றைக்குத்தான்.

"ஏம்பா, இப்பவே வாங்களேன். நவம்பர் நல்லா இருக்கும்பா. கூட்டமே இருக்காது."

நான் சிரித்துவிட்டேன். "ஏ எழிலு, யாருகிட்ட கத விடற? நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். பனி மூட்டம் வேற. போன வருஷம் நீதான சொன்ன, ஒம்போது நாளா சூரியனையே பாக்கல, இந்த மாசத்தக் காலண்டர்லேந்து கிழிச்சு எறியணும்னு?"

"பழகிடுச்சு மாமா" என்றாள். "இப்ப எனக்கு நவம்பர்தான் பிடிக்குது. இந்த மாசத்துக்குள்ள வாங்க."

"எனக்குக் குளிர் ஒண்ணும் பண்ணாது, நான் போறேன்" என்றாள் அக்கா. அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளை மெதுவாகச் சிரித்தார். "இதுக்கு எப்ப என்ன கேக்கணும்னே தெரியாது மாமா. சின்னப் பிள்ளை மாதிரி" என்றார். நாங்களும் சிரித்தோம். போனை வைத்த பிறகு அக்கா மட்டும் சமையலறைக்குப் போகாமல் போன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாள் கழித்து, இருபத்து மூன்றாம் தேதி, புதன்கிழமை, மதியம் மூன்று மணி வாக்கில் என் கடைக்குப் போன் வந்தது. எடுத்தது பிரிசில்லா. என்னோடு பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள், கிள்ளைக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். டிக்கெட் போடுவதில் எனக்கே வாத்தியார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "சார், எழில். வேற ஏதோ நம்பர்லேந்து பேசுது" என்றாள்.

நான் வாங்கினேன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் வேற்றுமொழிப் பேச்சும் கேட்டன. ஏதோ கடையிலிருந்து பேசுகிறாள் போல.

"மாமா, அம்மாவ அனுப்புங்க. அப்பா வராட்டிப் பரவாயில்ல. அம்மாவ மட்டும் அனுப்புங்க. சீக்கிரம்."

"என்னாடி அவசரம்? விசேஷமா?" என்றேன். அவள் முழுகாமல் இருக்கிறாளோ என்று எனக்கு ஒரே குஷி.

"இல்ல மாமா. சும்மாதான். அவருக்குச் சொல்லாதீங்க. சர்ப்ரைஸா இருக்கட்டும்."

"அவர் லெட்டர் குடுக்காம விசா எப்பிடிடி வாங்குறது?"

"நீங்க எப்பிடியாவது வாங்குவீங்கல்ல மாமா? டூர் மாதிரி போட்டு... உங்களால முடியும்ல?" என்றாள். குரலைத் தாழ்த்தியே பேசினாள். நான் பதில் சொல்வதற்குள், "வச்சிடுறேன் மாமா" என்று வைத்துவிட்டாள்.

என்னால் முடியும். சுற்றுலா என்று போட்டு, ஓட்டல் பதிவு காட்டி, மாமாவின் பென்ஷன் கணக்கைக் காட்டி வாங்கியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சொந்த மகள் வீடு அங்கே இருக்க, ஓட்டலில் தங்கப் போவதாகப் பொய் எழுதி, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் மாமியார் போய் இறங்கினால் நாளைக்கு அவர் என்ன நினைப்பார்? எனக்கு அந்த யோசனைதான் முதலில் வந்தது. என் மண்டையில் இடி விழ, அது மட்டும்தான் வந்தது.

"சார், எனக்கு இது சரியாப் படல" என்றாள் பிரிசில்லா.

"எது?"

"சர்ப்ரைஸ்னு சொல்றவங்க சிரிச்சிக்கிட்டுச் சொல்லுவாங்க. அது சிரிக்கல. முதல்ல என்கிட்ட, மாமா இருக்காங்களா அக்கான்னு கேட்டுச்சே, அந்தக் குரல்... சுனாமியில கிள்ளைக்குள்ள கடல் வந்த அன்னிக்கு நான் அந்த மாதிரிக் குரலெல்லாம் கேட்டிருக்கேன் சார். பயந்த குரல் எனக்குத் தெரியும்."

"எல்லாத்துக்கும் கடலக் கொண்டாந்துடுவியா நீ? புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு, அம்மாவத் தேடுது. வேலையப் பாரு" என்றேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

மாலையில் நானே மாப்பிள்ளைக்கு மெயில் எழுதினேன். எழில் கடைக்குப் போன் செய்தாள் என்றும், அம்மாவை உடனே அனுப்பச் சொல்கிறாள் என்றும் எழுதினேன். குழந்தை ஆசைப்படுகிறது, நீங்கள் ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பினால் மாசக் கடைசிக்குள் அக்காவை ஏற்றிவிடுகிறேன் என்றேன். அதோடு நிறுத்தினேனா? உங்களுக்குத் தெரியக்கூடாது, சர்ப்ரைஸ் என்று சொல்லியிருக்கிறாள், நீங்களும் தெரியாத மாதிரி நடியுங்கள் மாப்பிள்ளை, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று எழுதி, ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டேன். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. மரியாதையும் கெடவில்லை, குழந்தை ஆசையும் நிறைவேறும்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே பதில் வந்திருந்தது. அன்பான பதில். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது, மூட்டு வலி ஜாஸ்தியாகும், மே முதல் வாரத்துக்கு ஏற்பாடு செய்கிறேன், கடிதத்தை ஏப்ரலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். மாதவாரியாகக் குளிர், மழை எல்லாம் போட்ட ஒரு அட்டவணையும் இணைத்திருந்தார். கடைசியில் ஒரு வரி: "நீங்கள் என்னிடம் சொன்னதற்கு மிகவும் நன்றி மாமா."

பிரிசில்லாவைக் கூப்பிட்டு அந்த அட்டவணையைக் காட்டினேன். "பாத்தியா மனுஷன?" என்றேன். அவள் கடைசி வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு போனில் எழிலே சொன்னாள். "மே மாசமே வாங்கம்மா. மே தான் நல்லா இருக்கும்." ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அக்கா, "ஏண்டி, இந்த மாசமே வரச் சொன்ன?" என்று கேட்டாள். "இல்லம்மா. மே தான்." அவ்வளவுதான். அதற்கு அடுத்த ஞாயிறு எழிலுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது என்றார் மாப்பிள்ளை. அதற்கடுத்த வாரம் மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள் என்றார். அக்கா எனக்குப் போன் செய்து, "டேய், என் பொண்ணு குரலக் கேட்டு ரெண்டு வாரம் ஆச்சுடா" என்றாள். குளிர் நாட்டில் தொண்டை கட்டாமல் என்ன செய்யும், நீ சும்மா கற்பனை பண்ணாதே என்று அவளையும் அடக்கினேன். பதினெட்டாம் தேதி எழில் பேசினாள். மூன்று வார்த்தை. நல்லா இருக்கேன்மா. குரல் கட்டிப்போய்த்தான் இருந்தது. அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது, எனக்கும்.

டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலை 'தானே' புயல் கடலூரில் கரையேறியது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பேப்பரில் பார்த்திருப்பார்கள். பலா, முந்திரி எல்லாம் படுத்துவிட்டன. கரண்டுக் கம்பம் ஒன்றும் நேராக நிற்கவில்லை. அக்கா வீட்டுப் பின்பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடுத்த தெருவில் கிடந்தது. வேப்பமரம் காம்பவுண்டுச் சுவர் மேல் சாய்ந்திருந்தது. மறுநாள் நான் மெழுகுவர்த்தியும் தண்ணீர் கேனும் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் மரம் வெட்டுகிறவர்களுக்கு நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கடலூரில் போன் இல்லை, கரண்ட் இல்லை. அந்த ஒரு வாரம் எங்களுக்குக் கூரையும் தண்ணீரும் தவிர வேறு நினைப்பு இல்லை. புயல் செய்தி உலகமெல்லாம் போயிருக்கும், எழில் பதறியிருப்பாளே என்று அக்கா மட்டும் தினமும் சொன்னாள்.

ஜனவரி ஐந்தாம் தேதி சிதம்பரத்தில் என் கடையிலிருந்து வியன்னாவுக்கு நான் போன் போட்டேன். நாங்கள் எல்லோரும் நலம் என்று சொல்லத்தான். மாப்பிள்ளை எடுத்தார்.

"எழில்கிட்ட குடுங்க மாப்பிள்ளை. அக்கா பேசச் சொல்லுச்சு."

"எழிலா? அது அங்கதான மாமா இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எங்க?"

"இருபத்தொம்பதாம் தேதி நான்தான ஏர்போர்ட்ல விட்டேன். முப்பதாந்தேதி சென்னையில இறங்கியிருக்கணுமே. புயல்ல போன் இல்லாததால நீங்க சொல்லலன்னு நெனச்சேன்."

"எங்களுக்கு யாரும் சொல்லலியே மாப்பிள்ளை!"

"அதுதான் சொல்ல வேணாம்னுச்சு. சர்ப்ரைஸா போறேன்னுச்சு." கொஞ்சமும் குரல் மாறவில்லை. "உங்களுக்குத்தான் தெரியுமே மாமா, அதுக்கு சர்ப்ரைஸ் பிடிக்கும்னு."

நோட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். டிக்கெட் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். "குறிச்சு வச்சிருக்கேன் மாமா, எழுதிக்குங்க" என்று ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொன்னார். பெண்டாட்டி ஒரு வாரமாகக் காணோம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட மனுஷன் அப்படிப் பேச மாட்டான். இதற்கு மேல் அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து எழுத என்னால் ஆகாது.

சென்னையில் அந்த விமானக் கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், தேவசகாயம். நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் திருப்பிக் கூப்பிட்டார். என் தொழிலில் அவர் சொன்ன வார்த்தையை மாதத்துக்கு நான்கு தடவையாவது கேட்பேன்.

"நோ ஷோ வைத்தி சார். டிக்கெட் இருக்கு. பயணி வந்து ஏறல. செக்-இன்னே பண்ணல."

"டிக்கெட் ஒரு வழியா, ரிட்டர்னா?"

"ஒரு வழி."

"எப்ப போட்டது?"

"நவம்பர் இருபத்து நாலு. காலையில."

என் மெயில் இருபத்து மூன்றாம் தேதி மாலை போனது. ராத்திரி படித்திருக்கிறான். கையோடு எனக்கு நன்றி எழுதியிருக்கிறான், விடிந்ததும் இந்த டிக்கெட்டையும் போட்டிருக்கிறான். ரிசீவரை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிசில்லா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சொல்லவில்லை. வியன்னா போலீசின் நம்பரையும் தூதரகத்தின் நம்பரையும் தேடி எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தாள். ஆங்கிலத்தில் புகாரை அவளே அடித்தாள். எழில் நவம்பரில் கடைக்குப் பேசிய நம்பரை நோட்டில் குறித்து வைத்திருந்தவளும் அவள்தான்.

கடலூருக்குப் போய் அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெயிலையும் சொன்னேன். மாமா, "நல்லா விசாரிச்சியா மச்சான்? மாப்பிள்ளைய அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திவிட்டார். அக்கா அழவில்லை.

"என் பொண்ணு அவனுக்குச் சொல்லாதன்னு சொல்லுச்சா?"

"ஆமாக்கா."

"நீ சொன்ன."

"ஆமாக்கா."

அவள் எழுந்து, கூரை போன பின்கட்டுக்குப் போய், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். என்னை அடித்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். என் மேல் ஒரு வார்த்தை வீணாக்க அவளுக்கு இஷ்டமில்லை. நான் வாசலில் செருப்பைப் போடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஐந்தாவது நாள் வியன்னாவிலிருந்து ஒரு போலீஸ்காரப் பெண் பேசினாள். நிதானமான ஆங்கிலம். எழில் பேசிய நம்பர் அவர்கள் குடியிருப்புக்குக் கீழே உள்ள ரொட்டிக் கடையுடையது. அங்கே வேலை செய்யும் பெண்மணிக்கு எழிலை நன்றாக நினைவிருக்கிறது. நவம்பர் கடைசிக்குப் பிறகு அவளைத் தனியாகப் பார்த்ததே இல்லையாம். கணவனை விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். பிறகு, நேரான ரத்த உறவு உள்ள ஒருவர் வர முடியுமா என்று கேட்டாள். அம்மா என்றால் நல்லது என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அழைப்புக் கடிதம் வேண்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் புத்தி எனக்கே உறைத்தது. வேண்டாம், நாங்களே தூதரகத்துக்கு எழுதியிருக்கிறோம், இந்த வாரமே வாருங்கள் என்றாள்.

ஜனவரி இரண்டாம் வாரம். மாமாவின் தாளில் இருப்பதிலேயே மோசம் என்று சிவப்பு மையில் சுழித்த மாதம். அக்காவைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்து கடையில் உட்கார வைத்து, அவளுக்கும் எனக்கும் விசா பாரம் நிரப்பினேன். மெயில் விஷயத்தைச் சொன்ன பிறகு அன்றைக்குத்தான் அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். பேர், பிறந்த தேதி, தகப்பனார் பேர் எல்லாம் கை தானாக எழுதியது. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். சுற்றுலா, வியாபாரம், குடும்பத்தாரைப் பார்க்க, மருத்துவம், படிப்பு, இதர. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பாரங்களை யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"என்னா கேக்குறான் அதுல?" என்றாள் அக்கா.

"எதுக்குப் போறோம்னு கேக்குறான்." இதர என்ற கட்டத்தின் பக்கம் பேனாவைக் கொண்டுபோனேன். "போலீஸ் கூப்பிட்டிருக்கு இல்லியா, அதனால..."

"அதுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் படி."

படித்தேன். குடும்பத்தாரைப் பார்க்க என்று வந்ததும் அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதப் போடு."

"அக்கா..."

"எப்பிடி இருந்தாலும் அவளப் பாக்கத்தான்டா போறோம்" என்றாள். "போடு."

நான் போட்டேன்.